இடது காலுக்கு இன்னொன்று

"என்னை ஒரு வார்த்தை கேட்காம எப்படி நீ..."

"கேட்டா வேண்டாம்பீங்க, அதான்..."

"வேண்டாம்னுதான் சொல்லுவேன்! இதை மாட்டிக்கிட்டு ஒரு அடி எடுத்து வைக்க முடியுமா என்னால?"

"எடுத்து வைக்கப் போறது இங்கேயா? இங்கே இல்லீங்களே!"

கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தவர், கையிலிருந்த புது ஷூ ஜோடியைப் போர்வை மேல் போட்டார். கறுப்புத் தோல், மெழுகு நூல் தையல், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டுக்கும் அடிப்பாகம் ஒரே கனம். சண்டையே அதற்குத்தான்.

அவருக்கு இடது கால் குட்டை. சின்ன வயசில் வந்த காய்ச்சல் விட்டுவிட்டுப் போன சொத்து. முன்னறையில் இருக்கிற கடையில் ஊராருக்கெல்லாம் அவர் தைப்பார். அவருக்கு மட்டும் அவர் மனைவி தைப்பாள். இடது ஷூவுக்குக் கார்க்கை அடுக்கடுக்காக ஒட்டி, செதுக்கி, நாலு விரல் உயரத்துக்கு ஏற்றிக் கொடுப்பாள். கல்யாணமானதிலிருந்து அதுதான் வழக்கம்.

இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைவிரித்த அன்று அவர் கேட்டதும் ஒரு ஜோடி ஷூதான். "சவப்பெட்டிக்குள்ளே வெறுங்காலோட படுக்க மாட்டேன். செருப்புத் தைக்கிறவன் வெறுங்காலோட போனா கடைக்குத்தான் கேவலம்" என்றார். அவள் தைத்தாள். சமமாகத் தைத்தாள்.

"அங்கே மகிமையின் சரீரம்ங்க, குறையே இல்லாத உடம்பு. கடைசி நாள்ல கல்லறையிலிருந்து எழுந்திரிக்கும்போது ரெண்டு காலும் ஒரே அளவா இருக்கும். அந்தக் கட்டை ஷூவை மாட்டி அனுப்பினா என்ன ஆகும்? இங்கே இடது பக்கம் நொண்டினவர் அங்கே வலது பக்கம் நொண்டுவீங்க!"

மருந்து கலக்கிக்கொண்டிருந்த நாத்தனாருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லாச் சொன்னே போ. பரலோகத்துல போயும் இவன் ரிப்பேர் கடை தேடணும்!"

அவர் சிரிக்கவில்லை. யார் என்ன சொன்னாலும் முதலில் சிரிக்கிற மனுஷன்.

"எந்தக் கூட்டத்தோட எழுந்திரிப்பேன்னு உனக்கு யார் சொன்னது?"

"என்ன பேச்சு இது? ஞானஸ்நானம் எடுத்தவர் நீங்க."

"எடுத்தேன். முங்கினேன், எழுந்தேன், தலையைத் துவட்டினேன். போன மாசம் வலி தாங்காம விடிய விடிய ஆண்டவரைத் திட்டினேனே, பக்கத்துல நீதானே உக்காந்திருந்தே? திட்டினதுகூடப் பெரிசில்லைடி. நீ இல்லவே இல்லைன்னு சொன்னேன். அப்படிச் சொன்னவனையா மகிமைப்படுத்துவார்?"

"அது வலி பேசினது. அவர் கூப்பிட்டவங்களைப் பாதி வழியில இறக்கி விடமாட்டார். நீங்க அவரைப் பிடிச்சிருக்கற பிடி தளரலாம். அவர் உங்களைப் பிடிச்சிருக்காரே, அது தளராது."

"அது எனக்குத் தெரியணுமே! கையை நீட்டினா வெறும் காத்துதான் இருக்கு."

"தம்பி, மூச்சு வாங்குது பாரு, பேசாம..."

"இரு அக்கா, சொல்லி முடிச்சுடறேன். எக்காளம் ஊதுது. எல்லாரும் எழுந்திரிக்கிறாங்க. குனிஞ்சு பாக்கறேன், என் கால் அதே குட்டைக் கால். என்ன அர்த்தம்? நான் அவங்க கூட இல்லை. போகட்டும், தீர்ப்பு கேட்கவாவது நடந்து போகணுமா இல்லையா? இவ தைச்ச இதை மாட்டிக்கிட்டு, அத்தனை ஜனத்துக்கு முன்னாடி, முதல் அடியிலேயே குப்புற விழுவேன். எனக்குக் கட்டை வச்சதே போதும். தண்டனை வாங்கப் போனாலும் நிமிர்ந்து போறேன்."

"தர மாட்டேன்" என்றாள் அவள். "அதை உங்க காலில் மாட்டினா, இவர் அங்கே தேற மாட்டார்னு நானே சொல்லி அனுப்பின மாதிரி ஆகும்."

அவர் அவளையே பார்த்தார். பழைய ஷூவைக் கையில் வாங்கி, தையல் எங்கே விட்டிருக்கிறது என்று தேடுகிற அதே பார்வை.

"உனக்கு அவ்வளவு நிச்சயமா?"

"நிச்சயம்தான்."

"மனசோட மூலையிலகூட சந்தேகம் இல்லையா?"

"கடுகளவும் இல்லை."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இறுகிப் போயிருந்த தாடை மெல்லத் தளர்ந்தது. எத்தனையோ வாரங்களாக அவள் காணாத முகம்.

"சரி. எனக்குத்தான் இல்லை, உனக்காவது இருக்கே. இத்தனை வருஷம் உன் தையல் மேலதான் நின்னேன். இதுக்கும் உன்னையே நம்பறேன். கயிறு கோர்த்து வை."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "நீ உக்காரு, கயிறு நான் எடுத்துட்டு வரேன்" என்று நாத்தனார் கடைப்பக்கம் போய்விட்டாள். டிராயர் இழுபடுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அண்ணி, இருங்க! நான் வரேன்..."

"இதுல என்ன இருக்கு, கிடைச்சிடுச்சு. ஏன் தம்பி, இது என்ன ஒத்தையா, பேப்பர்ல சுத்தி?"

கறுப்புத் தோல். அதே மெழுகு நூல். இடது காலுக்கானது, நாலு விரல் உயரம். அவர் திட்டித் தீர்த்த இரவுக்கு அடுத்த மத்தியானம், அவர் அசந்து தூங்கும்போது, பட்டறையில் தனியாக உட்கார்ந்து அவள் கார்க்கை அடுக்கினாள். கை பழக்கத்தில் செய்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு அது நிஜமாகவே பட்டது.

அவர் அதை வாங்கித் திருப்பினார். கார்க்கின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். முகர்ந்து பார்த்தார். பசை வாடை இன்னும் போகவில்லை.

"பழசு இல்லை" என்றார்.

நாத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மனைவி வாயைத் திறந்தாள். கூப்பிட்டவர் கைவிட மாட்டார் என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்து நின்றது.

அவர் கோபப்படவில்லை. கடைக்கு வந்தவரிடம் கால் அளவு கேட்கிற குரலில் கேட்டார்.

"அப்போ உனக்கும் தெரியாதா?"