குரோம் தொட்டி

செம்புக் கம்பியைக் கொக்கியாக வளைத்து, கொக்கிக்கு ஒன்றாகப் பிஸ்டன்களை மாட்டிக்கொண்டிருந்தாள் செல்லக்கிளி. மொத்தம் பதினாறு. ஒவ்வொன்றும் சின்ன டம்ளர் மாதிரி ஒரு பக்கம் மூடியும் ஒரு பக்கம் குழிந்தும் இருந்தது. கை எண்ணெய் பட்ட இடத்தில் குரோம் பிடிக்காது. அதனால் சுண்ணாம்புப் பொடியால் தேய்த்துக் கழுவிவிட்டு, விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து எடுத்தாள்.

முலாம் பூசும் அந்த ஷெட் வாசலில் கவிழ்த்துப் போட்ட டிரம் மேல் அமிர்தசாமி உட்கார்ந்திருந்தார். பாலக்கரையில் முகம்மது கனியின் லேத்துப் பட்டறையில் அவர் டர்னர். பிஸ்டன்களைக் கடைந்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, சைக்கிள் கேரியரில் வைத்து உறையூருக்கு அவரே கொண்டுவருவார். முலாம் ஏற இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். ஏறியதும் எடுத்துப் போய், சாணை பிடித்துச் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

கே.கே. நகரில் ஒரு வக்கீலுக்குப் பழைய வெளிநாட்டு மோட்டார் சைக்கிள்கள் என்றால் உயிர். முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் வைத்து வந்த வண்டிகள். பிரேக்கை அழுத்தினால் பட்டையைத் தள்ளுவது இந்தப் பிஸ்டன்தான். துருப்பிடித்தால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்; வண்டி நிற்காது. எண்பத்தாறாம் வருஷத்தில் அந்தக் கம்பெனிகளே பாதி இல்லை, உதிரிபாகத்துக்கு எங்கே போவது? வக்கீலுக்கு ஒரு செட் செய்து கொடுத்தது பரவி, மெட்ராஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அவருடைய சிநேகிதர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு வருஷமாகக் கனி பட்டறைக்கு அதுதான் முக்கிய வேலை.

செல்லக்கிளி கொக்கிகளைத் தொட்டியில் இறக்கிவிட்டு சுவிட்சைப் போட்டாள். கருஞ்சிவப்புத் தண்ணீர் நுரைத்துப் பொங்கியது. மேலே மஞ்சள் புகை எழுந்து அவள் முகத்தைத் தாண்டி, கூரையில் போய்த் தங்கியது. சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமான ஓட்டை மட்டும் இருந்தது. அதையும் யாரோ சாக்கு வைத்து அடைத்திருந்தார்கள்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். துணியில் ரத்தம்.

"என்ன தங்கச்சி, மறுபடியுமா?"

"தினம் வர்றதுதாண்ணே. காலையில கொஞ்சம், சாயந்திரம் கொஞ்சம்."

கையை நீட்டிக் காட்டினாள். விரல் கணுக்களில் மிளகு அளவுக்கு நாலைந்து குழிகள். ஆணியடித்துப் பிடுங்கியது போல வட்டமாக, ஆழமாக இருந்தன.

"வலிக்கலையா?"

"வலிச்சாத்தான் பரவால்லையே. வலியே இல்லாம உள்ள போய்க்கிட்டிருக்கு. போன வாரம் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரு இந்த மூக்குல லைட்டு அடிச்சாரு. பக்கத்துல நின்ன நர்ஸம்மா அந்த மூக்குல வெளிச்சம் தெரியுதுன்னுச்சு." சிரிக்கப் பார்த்தாள். "நடுவுல ஓட்டையாம். இந்த வேலைய விட்ருன்னு சொல்லிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வந்துட்டேன். முந்தாநாள் ஸ்டவ்வுல மண்ணெண்ணெய் ஒழுகி வீடெல்லாம் ஓடியிருக்கு. நான் பக்கத்துலயே உக்காந்து காய் நறுக்கிட்டிருக்கேன், வாசனையே தெரியல. பள்ளிக்கூடம் விட்டு வந்த மல்லிகாதான் கத்துச்சு. வத்திக்குச்சி கையில எடுத்துட்டேண்ணே."

அவள் புருஷன் காத்தான் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுக்கையில் கிடக்கிறான். மல்லிகா பத்தாவது படிக்கிறாள். இதெல்லாம் அமிர்தசாமிக்குத் தெரியும். தெரியாதது அந்தத் தீக்குச்சி. அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து முன் அறைக்குப் போனார்.

ஷெட் முதலாளி வைத்திலிங்கம் சைக்கிள் ஹேண்டில்பார்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த ஃபேனை மாட்டிறக் கூடாதுங்களா? பொம்பளைக்கு மூக்கு ஓட்டையாயிருச்சுங்க."

"மோட்டார் காயில் கட்டப் போயிருக்குப்பா."

"ஆடி மாசமே போச்சுன்னீங்க. இப்ப மாசி."

"என்னய என்ன பண்ணச் சொல்ற? பிடிக்கலைன்னா நிக்கட்டும். நான் கட்டியா வச்சிருக்கேன்?" ஒரு ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ பிஸ்டனுக்கு வந்தா பிஸ்டனைப் பாரு."

பாலக்கரைக்குத் திரும்பும் வழியெல்லாம் அமிர்தசாமி அதையே நினைத்துக்கொண்டு மிதித்தார். அந்தப் புகை அவள் மூக்குக்குப் போவது தான் கடைந்த சாமானுக்காகத்தான். தொட்டியில் பாதி நாள் கிடப்பது அவருடைய பிஸ்டன்தான். மேலப்புதூர் மாதா கோயிலைத் தாண்டும்போது வழக்கம்போல சிலுவை போட்டுக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. இரும்பாக இருப்பதால்தானே குரோம் வேண்டும்? துருப்பிடிக்காத எஃகிலேயே கடைந்துவிட்டால்?

கனி கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஸ்டெயின்லெஸ்ஸா? டூலைத் தின்னுருமே அமிர்தம். வழுக்கும், சூடேறும், அளவு நிக்காது."

"ஒண்ணு பண்ணிக் காட்றேன் பாய். சரியா வரலைன்னா விட்ருவோம்."

பழைய இரும்புக் கடையில் கைப்பிடி கனத்துக்கு ஒரு எஃகுத் தண்டு கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பட்டறையைத் திறந்து, தண்டை லேத்தின் சக்கில் மாட்டினார். முதல் துண்டு நீலமாகச் சூடேறிக் கெட்டது. இரண்டாவதில் டூல் முனை உடைந்தது. வேகத்தைக் குறைத்தார், சூடு தணிய வெட்டும் இடத்தில் தண்ணீரை விடாமல் ஊற்றினார், முனையைத் திரும்பத் திரும்பத் தீட்டினார். நான்காவதில் எஃகுச் சுருள் அறுபடாமல் நீளமாக வந்தது. ரப்பர் வளையம் உட்காரும் காடியை வெட்டி, ஈரமான உப்புத்தாளை வரவர நைசாக மாற்றித் தேய்த்தார். மைக்ரோமீட்டரை வைத்தபோது கோட்டுக்குக் கோடு சரியாக நின்றது. பிரேக்கில் பிஸ்டன் உட்காரும் கூடான காலிப்பருக்குள் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. அவ்வளவு சந்தோஷம் அவருக்கு வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

வக்கீல் அந்தப் பிஸ்டனைப் போட்டுக்கொண்டு ஜீயபுரம் வரை ஓட்டினார். திரும்பி வந்து பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்: "கனி பாய், இனிமே எனக்குக் குரோம் வேண்டாம். எல்லாருக்கும் இதையே அனுப்புங்க."

முலாம் செலவு இல்லை, சாணை பிடிக்கும் வேலை இல்லை, உறையூருக்குப் போய் வரும் நேரமும் மிச்சம். கனி அன்றைக்கு எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார். அமிர்தசாமி ஒன்றைச் செய்தித்தாளில் மடித்து வீட்டுக்கு எடுத்துப்போனார். செல்லக்கிளிக்கு இனிமேல் பாதிப் புகைதான் என்று மனைவி லூர்துராணியிடம் சொன்னார். "நல்ல காரியம் பண்ணீங்க," என்றாள் அவள்.

இரண்டு மாதம் அவருக்கு உறையூர்ப் பக்கம் வேலை இல்லை. சித்திரையில் ஒரு பம்புத் தண்டுக்கு முலாம் போட வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டு போனார். குரோம் தொட்டி காலியாகக் கிடந்தது. அடியில் மஞ்சள் படிந்து வெடித்திருந்தது. பலகை போட்டு மூடிய பாதியில் ஹேண்டில்பார்கள் குவிந்திருந்தன.

"உங்க பிஸ்டனை நம்பித்தாம்ப்பா அதை ஓட்டினேன்," என்றார் வைத்திலிங்கம். கோபம்கூட இல்லை. "ஒரு தண்டுக்காக யாரு தொட்டியக் காய்ச்சுவா? தஞ்சாவூருக்குக் கொண்டு போ."

"செல்லக்கிளி?"

"வேலை இல்லைன்னதும் அனுப்பிட்டேன். ஒரு வாரச் சம்பளம் சேத்தே கொடுத்தேன்."

"மூக்குக்கு?"

"மூக்குக்கு என்ன? எந்த ரிஜிஸ்டர்ல அது பேரு இருக்கு?"

சந்துக்குள் அவள் வீட்டைத் தேடிப் போனார். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். உள்ளே காத்தான் இருமும் சத்தம் கேட்டது.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ணேன் தங்கச்சி."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"மூக்குல ரத்தம் நின்னுருச்சு. அது நெசந்தான்," என்றாள் அவளே. "மெஸ்ஸுல சமையலுக்குச் சேந்தேன். ஊசிப்போன சாம்பார எடுத்து வச்சுட்டேன்னு நாலாம் நாளே நிறுத்திட்டாங்க. அய்யமாரு வீட்டுலயும் பால் தீஞ்சது தெரியல. மோப்பம் இல்லாதவளுக்கு அடுப்படியில என்ன வேலை?"

மறுநாள் அமிர்தசாமி கனியிடம் கேட்டுப் பார்த்தார். பிஸ்டனுக்கு உப்புத்தாள் போட ஒரு ஆள் வேண்டும்தானே, பழகின கை, விரல் ரேகை படாமல் எடுக்கத் தெரிந்தவள்.

"ஓடுற லேத்துப் பக்கத்துல பொம்பளையா? சேலை மாட்டுச்சுன்னா யாரு பதில் சொல்றது?" கனி கெட்டவரில்லை. தாடியைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார். "வேற எதுவும் கேளு அமிர்தம், செய்றேன்."

வேறு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த மில், தெரிந்த அச்சகம், பங்குச் சாமியார் வரை சொல்லி வைத்தார். எல்லோரும் பார்க்கலாம் என்றார்கள். வைகாசிக் கடைசியில் மல்லிகாவைத் தெருவில் பார்த்தபோது, அம்மாவுக்குச் செம்பட்டுப் பக்கம் ஒரு தோல் கிடங்கில் வேலை கிடைத்துவிட்டது என்றாள். பரீட்சை எப்படி என்று கேட்டதற்கு, பாஸ் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு செம்பட்டுக்குப் போனார். கிடங்குக்குக் கால் மைல் தூரத்திலேயே நாற்றம் வந்தது. கேட்டை நெருங்கியதும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"செல்லக்கிளியா? உள் ரூம்ல இருக்கு," என்றார் மேஸ்திரி. முகத்தில் துண்டு கட்டியிருந்தார். "அங்க ஒரு ஆளு அரை மணி நேரம் நின்னதில்லைங்க. பச்சைத் தோலு, உப்புல ஊறுறது. மாத்தி மாத்தி நாலு பேரைப் போடுவோம். இது வந்ததுலேர்ந்து ஒத்தை ஆளா பாத்துக்குது. மூக்கு தெரியாதுன்னுச்சு, அப்ப நாளைக்கே வான்னேன்."

"நாலு ஆளு சம்பளமா?"

மேஸ்திரி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேறு பக்கம் போனார்.

மத்தியானச் சங்கு ஊதியது. பெண்கள் முகத்துத் துணியை அவிழ்த்துக்கொண்டு, தூக்குச் சட்டிகளோடு மதிலுக்கு அப்பால் இருந்த வேப்பமரத்துக்கு ஓடினார்கள். அமிர்தசாமி உள் அறை வாசல் வரை போனார். கைக்குட்டையை மூக்கோடு அழுத்திக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றார்.

உள்ளே இடுப்பு உயரத்துக்கு அடுக்கிய தோல்களுக்கு நடுவில் செல்லக்கிளி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் துணி கட்டவில்லை. ஈக்களை இடது கையால் ஓட்டிக்கொண்டே, வலது கையால் தயிர்சாதத்தைப் பிசைந்து, நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.