எட்டு ஸ்டோன் பத்து

லண்டன்ல ஆத்துக்குத் தெக்கால இருக்கற எங்க பப்புக்கு பெயின்ட் அடிச்சதுல வந்த வினை இது. பார் மேல தொங்கிட்டிருந்த பழைய குத்துச்சண்டை போட்டோ எல்லாத்தையும் ஓனர் பெவ் இறக்கிட்டா. புது செவுத்துல இனிமே ஒண்ணே ஒண்ணுதானாம். பின்னாடி ஹால்ல கிளவுஸ் மாட்டி சண்டை நடந்த ஆரம்ப காலத்துல, அந்த மேடையில ஏறினவங்கள்லயே யாரு பெஸ்ட்டோ அவரு மட்டும்.

உடனே ரெண்டு பேர் வரிஞ்சு கட்டிட்டு வந்துட்டாங்க. ஒண்ணு மீன்கடை லென்னி காஸ்லிங். இன்னொண்ணு மேவிஸ் மடாக்ஸ், முன்ன பஸ் ஓட்டினவங்க. ரெண்டு பேரோட கொள்ளுத்தாத்தாவும் அந்த ஹால்ல அடிச்சவங்க, அடி வாங்கினவங்க. ரெண்டு தடவை மோதி, ஆளுக்கொண்ணு ஜெயிச்சிருக்காங்க. அப்புறம் சண்டை எப்படித் தீரும்?

ஃபெதர்வெயிட்ல எங்காளுதான் ராஜான்னு லென்னி ஆரம்பிப்பாரு. எந்த ஃபெதருன்னு மேவிஸ் கேப்பாங்க. கேள்வி நியாயந்தான். அப்பல்லாம் ஃபெதர், அதுக்கும் கீழ பாண்டம்னு எடைப் பிரிவுக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு எடை, ஊருக்கு ஒரு எடை. லண்டன்ல ஃபெதரா கப்பல் ஏறினவன் நியூயார்க்ல இறங்கறப்ப அதுக்கு மேல் பிரிவான லைட்வெயிட் ஆயிருப்பான், கப்பல்ல ஒண்ணுமே தின்னாட்டியும்.

நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். ஆனா பழைய பாக்ஸிங்னா எனக்குப் பைத்தியம். பிரிவையெல்லாம் தூக்கிப் போடுங்க, எடையை மட்டும் பாப்போம்னேன். தன்னைவிட கனமான ஆளை ஜெயிச்சா, எத்தனை பவுண்டு வித்தியாசமோ அத்தனை பாயின்ட். ரெண்டு பேருக்கும் பிடிச்சுப் போச்சு. பிரிவுங்கறதே பேப்பர்காரன் கட்டிவிட்ட கதைன்னு லென்னி சொல்ல, மேவிஸ் அதுக்கு ஆமான்னு வேற சொன்னாங்க. முதல்ல வர்றவருதான் மேல, அப்புறம் எவரும் முனகக் கூடாதுன்னு பெவ் சொல்லிட்டா.

பழைய பேப்பரெல்லாம் தோண்டி, எல்லார் எடையையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி, ஞாயித்துக்கிழமை மதியம் பப்புல வச்சுக் காட்டினேன். முதல் இடம் காஸ்லிங். தன்னைவிட ஒரு ஸ்டோன், அதாவது பதினாலு பவுண்டுக்கும் மேல கனமான மடாக்ஸை சாய்ச்சிருக்காரே. லென்னி எழுந்து நின்னு, அங்க இருந்த நாய்க்குக்கூட கை குடுத்தாரு.

மேவிஸ் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஸ்கிரீனை நோண்டினாங்க. "ஜெஸ் கண்ணு, உன் லிஸ்ட்ல எட்டு ஸ்டோன் பத்து பவுண்டு ஆளே இல்லையே. அந்தக் காலத்துல அந்த எடையில ஒருத்தன்கூடவா பொறக்கல?"

நானும் குனிஞ்சு பாத்தேன். காஸ்லிங் எடை எட்டு ஸ்டோன் பத்து, அதை நான் 8.10னு தட்டியிருக்கேன். அந்தச் சனியன் கடைசி சைபரைத் தின்னுட்டு 8.1 ஆக்கி வச்சிருக்கு. பத்து பவுண்டு ஒரு பவுண்டாப் போச்சு. காஸ்லிங் ஒண்ணும் பொடியன் இல்ல. மடாக்ஸைவிட ஆறே பவுண்டுதான் கம்மி.

லென்னி பொத்துனு உக்காந்துட்டாரு. "தாத்தாவுக்கு சதை போட்டுட்டியேம்மா"ன்னாரு பாவமா. மேவிஸ் இப்பவே போட்டோவைத் துடைக்க டிஷ்யூ எடுத்துட்டாங்க.

சரி பண்ணிட்டு திருப்பித் தட்டினேன். மேல வந்தது மடாக்ஸும் இல்ல. பார்னி செல்ட்சர்னு ஒரு ஆளு. எட்டு ஸ்டோன் நாலுதான். காஸ்லிங்கையும் அடிச்சிருக்கான், மடாக்ஸையும் அடிச்சிருக்கான். முன்ன தப்புக் கணக்குல காஸ்லிங் அவனைவிடப் பொடியனாத் தெரிஞ்சதால அந்த வெற்றிக்கு பாயின்ட்டே விழல.

"எந்த ஊரு இவன்?" லென்னி கேட்டாரு.

"வொயிட்சேப்பல்."

ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆளு. எங்க செவுத்துல.

மேவிஸ்தான் முதல்ல சுதாரிச்சாங்க. "இரு இரு. எட்டு நாலுன்னா அவன் பாண்டம் இல்ல? இவங்க ரெண்டு பேரும் ஃபெதர். பிரிவுன்னு ஒண்ணு எதுக்கு வச்சிருக்கான்?"

"அதானே," லென்னி சேந்துக்கிட்டாரு. "பாண்டத்தையும் ஃபெதரையும் ஒண்ணாப் போட்டு அரைக்க இது என்ன சட்னியா?"

பெவ் ஸ்டூல் மேல ஏறி ஆணி அடிச்சு செல்ட்சர் போட்டோவை மாட்டிட்டா. சொன்னா சொன்னதுதான் அவளுக்கு.

இப்ப செல்ட்சர் மேல நின்னு எல்லாரையும் முறைச்சுக்கிட்டு இருக்கான். மேவிஸும் லென்னியும் ஒரே டேபிள்ல, செவுத்துக்கு முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்காங்க. அப்பாடா, ஒண்ணு சேந்துட்டாங்கன்னு நான் என் பீரைக் கையில எடுத்தேன்.

"ஆனாலும் எங்க தாத்தா அவன்கிட்ட ஒன்பது ரவுண்டு நின்னாரு," லென்னி மெதுவா சொன்னாரு. "உங்காளு?"

"அவர் பதினொண்ணு," மேவிஸ் சொன்னாங்க. லென்னி விடல. "ஆனா என்ன, அந்தக் காலத்துல ஒரு ரவுண்டுன்னா எத்தனை நிமிஷம்?"

ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பினாங்க.