மூலைவிட்டம் எட்டு சென்டிமீட்டர்

1

முதலில் உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். தாவணகெரே பாலிடெக்னிக் ஒன்றில் ஆய்வக அட்டெண்டராக இருந்த கரிபசப்பா, மிளகாய் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே சொன்னது: "ஏழு வருஷம் அந்தக் கல்லை ஒருத்தரும் நிறுத்துப் பாக்கல சார்." மீதி முழுக்க என் கைவரிசை. ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?

2

குல்மோஹர் மரத்தடியில், மழைச் சாரலில், ஹாலம்மா கண்ணீருடன்—

[வேண்டாம். பிப்ரவரியில் தாவணகெரேயில் ஏது சாரல்? அவள் அழுகிற ரகமும் இல்லை.]

ஹாலம்மாவுக்குப் பத்தொன்பது வயது. சிவில் டிப்ளமாவில் எல்லாம் தேறிவிட்டாள். முதல் வருட இயற்பியல் செய்முறைத் தேர்வு மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. இந்த முறையும் போனால், கால்வாய் அலுவலகத்தில் அவளுக்காகக் காத்திருக்கும் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

பரிசோதனை எளிது. ஒரு பலகை, மேலே இரண்டு கப்பிகள். நூலின் இரு முனைகளிலும் நூறு நூறு கிராம், நடுவில் ஒரு கல். பின்னால் தாளை வைத்து, நூல் சரியும் திசைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். இருபது கிராமுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அந்தத் திசைகளில் இரண்டு கோடுகள் இழுத்து, இணைகரமாக முடித்தால், மூலைவிட்டத்தின் நீளம் கல்லின் எடையைச் சொல்லும். நூறும் நூறும் இருநூறு ஆகாது. எவ்வளவு ஆகும் என்பதை நூல்தான் தீர்மானிக்கும்.*

* இயற்கையின் விதி அப்படி. கல்லூரியின் விதி வேறு.

3

கல்லின் எடை நூற்றறுபது என்பது ஊருக்கே தெரியும். சீனியர் ஜூனியருக்குச் சொல்லுவான். எனவே முதலில் எட்டு சென்டிமீட்டருக்கு மூலைவிட்டம் போடுவார்கள். பிறகு அதற்குப் பொருத்தமாக இரண்டு பக்கமும் கோடு இழுப்பார்கள். பலகைப் பக்கம் தலைகூடத் திருப்ப மாட்டார்கள். விரிவுரையாளர் ருத்ரமுனி எல்லாத் தாள்களையும் பார்த்து, "ஆகா, பிழை பூஜ்யம்!" என்று பூரித்துப்போவார்.

ஏழு வருடத்துக்கு முன் ஆயுத பூஜையன்று, கரிபசப்பா அந்தக் கல்லால் தேங்காய் உடைத்தார். தேங்காய் அப்படியே இருந்தது. கல் உடைந்தது. நாற்பது கிராம் போயே போய்விட்டது. [அவர் சொன்னது "துளியூண்டு". நாற்பது என் உபயம்.]

யாரும் அளக்காததால் யாருக்கும் தெரியவில்லை. ஹாலம்மா ஒருத்திதான் அளந்தாள். ஆறு சென்டிமீட்டர், நூற்றிருபது கிராம். இரண்டு முறையும் அதே விடை, இரண்டு முறையும் அதே சிவப்பு மை: "கவனமின்மை."

4

மூன்றாம் முறை.

"என்ன ஹாலம்மா, இந்த வாட்டியும் ஆறா?" என்றார் கரிபசப்பா.

"இன்னிக்கு எட்டு, கரிபசண்ணா."

"நூல் என்ன சொல்லுது?"

"நூலா எனக்கு மார்க் போடுது?"

அளந்து இழுத்த ஆறை ரப்பரால் தேய்த்தாள். மேலேயே எட்டைப் போட்டுத் தாளைக் கொடுத்தாள்.

அன்றைக்கென்று பார்த்து வெளித்தேர்வாளராக வந்தவர், தார்வாட் ஊர்க்காரரான இனாம்தார். காலையில் பதினொரு வெண்ணெய் தோசை தின்றிருந்தார். [நாலு.] வயிறு கனத்து உட்கார முடியாமல் ஆய்வகத்தில் உலாத்தியவர், போகிற போக்கில் கல்லைக் கையில் எடுத்தார்.

"நூத்தறுபதுன்னா இவ்ளோ லேசாவா இருக்கும்?"

தராசில் வைத்தார். நூற்றிருபது. மேசைமேல் இருபத்தொரு தாள்கள், இருபத்தொன்றிலும் நூற்றறுபது.

ருத்ரமுனிக்கு வியர்த்தது. "கல்லு... வெயில்ல காஞ்சிருக்கும் சார்."

"தண்ணி ஊத்தினா வளருமா மேஷ்ட்ரே?"

ஹாலம்மா தன் தாளை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "அடியில பாருங்க சார். அழிச்ச கோடு. ஆறு."

"தெரியுதும்மா. ஆனா நீ குடுத்தது எட்டு."

"ரெண்டு தடவை ஆறு குடுத்தேன். ரெண்டு தடவையும் பெயில்."

"அப்போ நான் வரலியே."

"கல்லு வந்திருந்துச்சே சார்!"

5

முடிவு எழுதிப் பார்த்தேன். (அ) இனாம்தார் கண் கலங்கி முழு மதிப்பெண் போடுகிறார். கிழித்தேன், அத்தனை தோசை தின்றவருக்குக் கண் கலங்காது, சொருகும். (ஆ) இருபத்தொரு பேரும் பெயில். படித்த என் மனைவி, "உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?" என்று காப்பியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உங்களுக்கு எந்த முடிவு பிடிக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டு அதை முதலில் போட்டுவிட்டு, பொருத்தமாகக் கோடுகள் இழுத்தால், நான் அங்கே இருபத்திரண்டாவது ஆள். எனவே அளந்தவரைக்கும்தான் சொல்வேன்:

"புதுத் தாள் குடுங்க சார்," என்றாள் ஹாலம்மா.

"மணியடிக்க ஏழு நிமிஷம்தான் இருக்கு. நூல் நிக்கவே அஞ்சு நிமிஷம் ஆகும்."

"ஆகட்டும் சார்."

இனாம்தார் தாளை நீட்டினார். அவள் கல்லை மாட்டினாள். அது ஆடியது. மற்ற இருபது பேரும் பலகையைச் சுற்றி வந்து நின்று, வாழ்க்கையில் முதல் முறையாக அந்த நூலைப் பார்த்தார்கள். கரிபசப்பா யாரும் சொல்லாமலே மின்விசிறியை நிறுத்தினார்.

பென்சிலும் அளவுகோலும் உங்களிடம் இருக்கும், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நீங்களும் விட்டுவிடாதீர்கள், நூல் ஆடும்.