கிறிஸ்துமஸ் மேசையில் செத்த புழுக்கள்

ஆஸ்திரேலியாவில், எங்கள் குவீன்ஸ்லாந்து மலையில் காடு மிஞ்சியிருப்பது ஓடைக்கரையில் மட்டும்தான். மீதியெல்லாம் மாட்டுப் புல். அந்தக் கரையிலிருந்துதான் பச்சைச் சிறகு வண்ணத்துப்பூச்சி வரும். உள்ளங்கை அகலம் இருக்கும். எங்கள் பக்கத்தில் அதன் புழு தின்பது ஒரே ஒரு காட்டுக் கொடியை. என் மனைவி ஹெட்டி அதை வேலியோரம் நட்டு, அது படர்வதற்காக வருடக்கணக்கில் காத்திருந்தாள்.

அந்த டிசம்பர் கோடையில் பெண் பூச்சிகள் வந்தன. வந்தவை எங்கள் கொடியைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டுப் பந்தலில் முட்டையிட்டன. அங்கே அந்த வீட்டுக்காரி பிரான் ஆசை ஆசையாய் வளர்த்திருந்தது தென்னமெரிக்காவிலிருந்து வந்த குழாய்ப்பூக் கொடி. பூச்சிக்கு அதுவும் தன் கொடி மாதிரியே தெரிகிறது. அங்கே பொரிந்து வரும் புழு, இலையைத் தின்றதும் செத்துப்போகிறது.

ஹெட்டி நல்லவிதமாகத்தான் போய்ச் சொன்னாள். பிரானின் புருஷன் நெவில் சிரித்தான்.

"புழுவுக்கு விருந்து வெக்கிறோம். நன்றி சொல்லாட்டியும் திட்டாம இரு."

"விருந்து இல்ல நெவில், விஷம்."

"கிறிஸ்துமஸ் முடியட்டும் ஹெட்டி," என்றாள் பிரான். "என் சொந்தக்காரங்கல்லாம் வர்றாங்க. இப்பதான் நல்லா பூத்திருக்கு."

ஹெட்டி பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். அதன்பிறகு தினமும் வேலியருகே போய், பிரானின் கொடியில் எட்டும் இலைகளைப் புரட்டிப் பார்த்தாள். நான் ஏதாவது பேசினால் என்மேல் எரிந்து விழுந்தாள்.

கிறிஸ்துமஸ் அன்று பந்தலுக்கடியில் அவர்கள் எல்லோரும் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஹெட்டி ஒரு தேநீர்த் தட்டோடு வேலியைச் சுற்றிக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். பன்றிக்கறிக்கும் பிரானின் தட்டுக்கும் நடுவே அதை வைத்தாள். கறுத்துச் சுருங்கிய குட்டிப் புழுக்கள்.

"உன் பூவோட விலை இது. நல்லா பாத்துக்கிட்டே சாப்பிடு."

நெவில் எழுந்துவிட்டான். "உனக்குப் பைத்தியமா? பண்டிகை நாளும் அதுவுமா, சாப்பாட்டு மேசையில..."

"எனக்குப் பண்டிகை இல்ல. இதுங்களுக்கும் இல்ல."

எனக்கு மானம் போனது. அவள் கையைப் பிடித்து இழுத்தேன். பிரான் மட்டும் அந்தப் புழுத் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் காலை கத்தரியோடு பிரானே ஏணியில் ஏறினாள். நெவில் திட்டிக்கொண்டே வேரைத் தோண்டினான். மத்தியானம் அவள் எங்கள் வாசலுக்கு வந்தாள். கையெல்லாம் கீறல்.

"வெட்டியாச்சு. போதுமா?"

"போதாது, வா," என்றாள் ஹெட்டி.

ஓடைக்கரைக்கு இழுத்துப் போனாள். மரங்களின் உச்சிவரை குழாய்ப்பூக் கொடி மூடியிருந்தது. காய்ந்த காய்கள் மல்லாந்த குடைபோல வெடித்துத் தொங்கின. காற்றடிக்க அடிக்க விதை பறந்தது.

பிரான் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். "இவ்வளவும் என் பந்தல்லேருந்தா?"

"பின்ன, வானத்துலேருந்தா?"

இப்போது சனிக்கிழமைதோறும் இருவரும் ஓடையில் கொடி பிடுங்குகிறார்கள். முடிகிற வேலையில்லை. அந்த வருடம் எங்கள் வேலியில் ஒரு புழுகூட வளரவில்லை. போன வாரம் நான் தேநீர் கொண்டுபோனபோது பிரான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எம்மேல கோவமா ஹெட்டி?"

"ஆமா," என்றாள் ஹெட்டி. "அந்த முனையப் பிடி. வேரோட வரணும்."