விழுந்தவரைத் தூக்கிவிடும் கை

என் வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். லீவு நாளில் இருவரும் சோபாவில் உட்கார்ந்து ஆன்லைனில் சூப்பர்ஹீரோ கேம் ஆடுவோம். நான் நெருப்பு கக்குகிறவள், அவர் பறக்கிறவர். அடிபட்டு விழுந்தவரை யாராவது தொட்டால்தான் எழ முடியும், இல்லையென்றால் அவுட். இந்த மனுஷர் எதிரி டீம் ஆளையும் தொட்டு எழுப்பிவிடுவார்!

"அவன் நம்மள அடிக்க வந்தவங்க!" என்பதற்குப் பதில் "அவன் நம்மள அடிக்க வந்தவன்!" என்று கத்தினேன்.

"விழுந்து கிடக்கிறவன்கிட்ட எந்தக் கட்சின்னு கேட்டா வண்டியில ஏத்துறேன்? கை தானாப் போயிடுதும்மா."

எழுந்தவன் என்னைத்தான் அடித்தான். தோற்றோம். தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த ஆட்டத்தில் அவர் சீக்கிரமே அவுட். பிறகு நானும் சுருண்டு விழுந்தேன். "இப்ப என்னை யாரு தூக்குவா?" என்று, மைக்கை அணைக்காமலே அவரைக் கரித்துக்கொட்டினேன்.

எதிரி டீம் முகமூடிக்காரன் நேராக என்னிடம் வந்தான். தீர்ந்தது கதை என்று நினைத்தேன். அவன் அடிக்கவில்லை, தொட்டான்.

"போன ஆட்டத்துல அண்ணன் என்னைத் தூக்கிவிட்டாரு. எந்திரிங்க அண்ணி."

எழுந்த வேகத்தில் நெருப்பைக் கக்கி அவனைச் சாய்த்தேன். ஆட்டம் ஆட்டம்தானே! அப்புறம் மனசு கேட்கவில்லை. குனிந்து தொட்டேன்.

வீட்டுக்காரர் என்னையே பார்த்தார்.

"கை தானாப் போயிடுச்சு," என்றேன்.