கட்டுக்கு மேல் லாவெண்டர்

சிஸ்டருக்கு மூக்குதான் பிழைப்பு. படுக்கையோடு கிடக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் அந்த இல்லத்தில் புண்ணுக்குக் கட்டுப் போடுவது அவள் வேலை. கட்டைப் பிரிப்பதற்கு முன் குனிந்து ஒருமுறை முகர்ந்து பார்ப்பாள். பார்க்கிறவர்களுக்கு அருவருப்பாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். ஆறுகிற புண்ணுக்கு ஒரு வாடை, அழுகுகிற புண்ணுக்கு வேறு வாடை. சீழ் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவள் மூக்குக்குத் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக அந்த மூக்கு அவளைக் கைவிட்டதில்லை.

அதனால்தான் மேனேஜரம்மா எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டு, "இன்னைக்கு அரோமாதெரபி வகுப்பு" என்று பூரிப்போடு சொன்னபோதே சிஸ்டருக்குப் பிடிக்கவில்லை. வகுப்பு எதற்கு என்பது ஊரறிந்த சங்கதி. பார்க்க வரும் பிள்ளைகள் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். வீச்சம் தாங்கவில்லை என்று புகார் மேல் புகார். எங்கள் அப்பாவைத் துடைத்துவிட இன்னும் இரண்டு ஆயாக்களை வையுங்கள் என்று அதில் ஒரு மகராசனும் எழுதவில்லை.

வகுப்பெடுக்க வந்த பெண்ணைக் குறை சொல்லக் கூடாது. சின்னச் சின்ன வாசனை எண்ணெய்க் குப்பிகளை மேஜையில் பரப்பி வைத்து, பொறுமையாகத்தான் விளக்கினாள். லாவெண்டர் மனப் படபடப்பைக் கொஞ்சம் தணிக்கலாம், தூக்கத்துக்கு உதவலாம். எலுமிச்சை மந்தமான காலை நேரத்துக்கு. யூகலிப்டஸ் மூக்கடைப்புக்கு இதம்.

"ஆனா இது மருந்து இல்லைங்க. இந்த மெஷின்ல தண்ணி ஊத்தி மூணு நாலு சொட்டு, அரை மணி நேரம், அவ்வளவுதான். ஜன்னல் திறந்திருக்கணும். உடம்புல தடவணும்னா சாதா எண்ணெயில கலந்துதான் தடவணும். புண்ணு மேல மட்டும் படவே கூடாது."

"புண்ணோட வாடையை இது மறைச்சிடுமா?" என்று கேட்டாள் சிஸ்டர்.

"மறைக்கும். அதனாலதான் கவனமா இருங்கன்னு சொல்றேன்."

சொன்ன அத்தனையிலும் மேனேஜரம்மாவின் காதில் ஏறியது 'மறைக்கும்' ஒன்றுதான். மறுநாள் காலையில் அறைக்கு ஒரு மெஷின் புகை விட்டுக்கொண்டிருந்தது. அரை மணி நேரமாவது ஒன்றாவது, விடிந்தது முதல் விளக்கை அணைக்கும் வரை. வாசனை வெளியே போய்விடுமாம், ஜன்னலையும் சாத்தியாயிற்று. மூத்திரத்தின் மேல் லாவெண்டர், ஃபினாயில் மேல் எலுமிச்சை. எல்லாம் கலந்து தித்திப்பாக, வழவழப்பாகத் தொண்டையில் இறங்கியது. குப்பைத்தொட்டிக்குப் பவுடர் பூசிய மாதிரி இருக்கிறது என்று சிஸ்டர் வாய்விட்டே சொன்னாள்.

"மேடம், என்னால வேலை பார்க்க முடியலை. எந்தக் கட்டுல என்ன வாடைன்னே தெரியலை."

"சிஸ்டர், உங்களுக்கு மட்டும்தான் மூக்கு இருக்கா? வர்றவங்களுக்கும் இருக்கு. நேத்து ஒருத்தர் ஹோட்டல் மாதிரி இருக்குன்னு சொல்லிட்டுப் போறார்."

இத்தோடு நின்றிருந்தால் சிஸ்டர் மேனேஜரம்மாவைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பாள். வெட்கக்கேடு என்னவென்றால், நாலாம் நாள் அவளுக்கே அது பழகிப்போயிற்று. குமட்டல் நின்றது. சொல்லப்போனால் வேலை சுலபமாகக்கூட இருந்தது. குனிந்தாலும் லாவெண்டர், நிமிர்ந்தாலும் லாவெண்டர், பிறகு எதற்குக் குனிவது? ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றினால் போதும் என்று மேனேஜரம்மா சொன்னபோதும் அவள் சண்டைக்குப் போகவில்லை. கட்டை மாற்றுகிற நாளிலும் மேலோட்டமாகப் பார்த்து, மருந்து வைத்து, சுற்றிவிட்டு வந்தாள்.

ஐந்தாம் அறையில் டிரைவர் ஐயா இருந்தார். நாற்பது வருடம் தொலைதூர பஸ் ஓட்டியவர். சர்க்கரை நோய். வலது குதிகாலில் புண், அதுவும் நன்றாகவே ஆறிக்கொண்டு வந்தது. இப்படியே போனால் மாதக் கடைசியில் ஊன்றி நிற்கலாம், கெட்டுப்போனால் முழங்காலோடு எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் இரண்டையும் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். மாதம் ஒருமுறை மகள் வருவாள். கதவோரம் நாற்காலியைப் போட்டு, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு உட்காருவாள். இவர் கட்டிலில் இருந்தபடி கத்திக் கத்திப் பேசுவார்.

பத்தாம் நாள் மதியம் சிஸ்டர் கட்டு மாற்றப் போனாள். மகள் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள், அதனால் ஐயா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். காலைத் தொட்டால் கொதித்தது. கட்டுத்துணியில் எண்ணெய் வட்டம் ஒன்று மஞ்சளாக ஊறியிருந்தது. விட்டுப்போன பழக்கத்தை மறுபடி பிடித்து, குனிந்து முகர்ந்தாள். லாவெண்டர் குப்பென்று மூக்கில் அறைந்தது.

"ஆயா, இதுல யாரு எண்ணெய் ஊத்தினது?" என்று தட்டோடு பக்கத்தில் நின்ற ஆயாவைக் கேட்டாள்.

"என் பிள்ளை மேல சத்தியமா நான் இல்லை சிஸ்டர்."

"அவளைத் திட்டாதே," என்றார் ஐயா. தலையணைக்கு அடியிலிருந்து, மெஷினுக்கு ஊற்றும் லாவெண்டர் குப்பியை எடுத்து நீட்டினார். முக்கால்வாசி காலி. "நாலு நாளா ஊத்தறேன். எனக்கே நாறிச்சு."

சிஸ்டர் மெஷினை அணைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். கட்டைப் பிரித்தாள்.

ஓரமெல்லாம் கறுத்துப்போய், நடுவில் பச்சையாகக் கசிந்துகொண்டிருந்தது. அந்த நாற்றம் எழுந்து வந்தபோது, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஓங்கரித்தது. சீ என்று வந்தது, எண்ணெயை நினைத்து, மேனேஜரம்மாவை நினைத்து, எல்லாவற்றையும்விடத் தன்னை நினைத்து. இந்த நாற்றம் நாலு நாளாக இங்கேயேதான் இருந்திருக்கிறது. அவள்தான் குனியவில்லை.

ஆம்புலன்சுக்குப் போன் செய்யச் சொல்லி ஆயாவை விரட்டினாள். ஐயா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு மணி நேரம் சிஸ்டர். அவ வந்துட்டுப் போயிடட்டும். இன்னைக்காவது பக்கத்துல உக்காருவா. கட்டிவிட்டு மெஷினைப் போடு."

"பத்து நாள் குடுத்தாச்சு ஐயா. இனிமே ஒரு நிமிஷம்கூட கிடையாது."

மேனேஜரம்மா வாசலில் வந்து நின்று, "ஜன்னலைச் சாத்துங்க சிஸ்டர், முன்னாடி ஆளுங்க உக்காந்திருக்காங்க" என்றாள்.

"உள்ள வாங்க மேடம். வந்து குனிஞ்சு பாருங்க. நீங்களும் நானும் சேர்ந்து பண்ணினது இது."

மேனேஜரம்மா படியைத் தாண்டவில்லை.

மகள் சொன்னதற்கு முன்னாலேயே வந்துவிட்டாள். திறந்த புண்ணைப் பார்த்தாள். ஐயா அவசர அவசரமாகப் போர்வையை இழுத்துக் காலை மூடப் பார்த்தார், சிஸ்டர் விடவில்லை. மகள் வெளியே ஓடி, கைகழுவும் தொட்டியில் வாந்தி எடுக்கும் சத்தம் அறைக்குள் கேட்டது. ஐயா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஆம்புலன்சில் ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது மகள் தள்ளியே நின்றாள்.

"என்னால முடியலை சிஸ்டர், நீங்க ஏறிக்குங்க. நான் கார்ல பின்னாடியே வந்துடறேன்."

பின்னாடியே வரத்தான் செய்தாள். இரண்டாவது சிக்னல் வரை வந்தாள். ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும். கார் இடது பக்கம் விளக்கைப் போட்டு, திரும்பிப் போய்விட்டது. பின்கண்ணாடி வழியாக சிஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பின்னாடி வராளா?" என்று ஐயா கேட்டார். படுத்த நிலையில் அவரால் திரும்ப முடியவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் ஒரு லாரியும் இரண்டு பைக்கும் வந்துகொண்டிருந்தன.

"வர்றாங்க ஐயா. நேர் பின்னாலதான்." கொஞ்சம்கூடத் தடுமாறாமல் வந்தது. தன் வாயை நினைத்து அவளுக்கே குமட்டியது.

"ரொம்ப ஒட்டி வராளா?"

"ம்."

"போன் போட்டுச் சொல்லு. ஆம்புலன்ஸ்காரன் திடீர்னு பிரேக் போடுவான். கொஞ்சம் இடம் விட்டு வரச் சொல்லு."

"சொல்றேன் ஐயா," என்றாள் சிஸ்டர்.