ஐந்து நாக்குகளும் ஒரு முழங்காலும்

"இதுல இன்னா சார் காரம் கீது? சர்க்கரத் தண்ணி" என்று சொல்லி லாசர் கிண்ணத்தை மேசைமேல் டக்கென்று வைத்தான்.

"முதல் கிண்ணத்துக்கும் அதையேதான் சொன்னே" என்றான் கோதண்டபாணி.

"அதுவும் சர்க்கரத் தண்ணிதான்."

சாந்தோம் கடலில் கட்டுமரம் தள்ளுகிற லாசருக்கு, ஒரு பொருளைக் காரம் என்று ஒப்புக்கொள்வது தோற்றுப்போனதற்குச் சமம். அவனுக்குப் பக்கத்தில் மீன்காரி முத்தம்மா. இனிப்பாக இருக்கிறதென்று அவள் கேட்காமலே இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டுவிட்டாள். அடுத்து ஜட்கா வண்டி ஓட்டும் பொன்னுரங்கம். அவன் பெண்சாதி ராமநாதபுரத்துக்காரி. அவள் ஊர்க் குண்டு மிளகாயைவிடக் காரமானது உலகத்திலேயே கிடையாது என்று உட்காருமுன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டான். கடைசியில் பீர் முஹம்மது. கடை முதலாளி ஹபீபுர் ரஹ்மானின் மைத்துனன். எதைத் தொட்டாலும் எரிகிறது என்பவன். ஐந்தாவது நாக்கு கோதண்டபாணியினுடையது. வேறு ஆள் கிடைக்கவில்லை.

கச்சேரி ரோட்டில் ஹபீபுர் ரஹ்மானின் அத்தர் கடைக்குப் பின்கட்டில் இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தது. ரசாயனம் படித்த கோதண்டபாணி அங்கே வலித் தைலம் காய்ச்சிக்கொண்டிருந்தான். மிளகாய்ச் சாற்றைத் தேன்மெழுகில் கலந்து தேய்த்தால் தோல் சூடேறும், ரத்தம் ஓடும், மூட்டு வலி மறக்கும். சேதி அவ்வளவுதான். ஆனால் முதல் தடவை காய்ச்சியது வெண்ணெய் மாதிரி ஒன்றும் செய்யாமல் கிடந்தது. இரண்டாம் தடவை காய்ச்சியதைத் தேய்த்த ஒரு வக்கீல் குமாஸ்தா, இடுப்பில் கொப்புளத்தோடு கடை வாசலில் வந்து நின்று சட்டையைத் தூக்கிக் காட்டினார். தெருவே பார்த்தது.

"இன்னொரு தபா கொப்புளம் வந்துச்சுன்னா அடுப்ப அணைச்சிடுவேன், நாயுடு. அத்தரே போதும் எனக்கு. நீ வேற எடம் பாத்துக்கோ" என்று கோதண்டபாணியிடம் சொல்லிவிட்டார் ஹபீபுர் ரஹ்மான். "இந்தத் தபா என் முட்டியிலதான் மொதல்ல தடவணும்."

அவருடைய வலது முழங்கால் ஏணி ஏறி இறங்கியே வீங்கிப்போன முழங்கால்.

தவறு எங்கே என்று கோதண்டபாணிக்குத் தெரியும். ஒரு பிடி மிளகாய்க்கு இன்னொரு பிடி மிளகாய் ஈடாகாது. குண்டூர் நீள மிளகாயும் மலையாளத்துக் காந்தாரியும் தராசில் ஒன்றாக நிற்கலாம், தோலில் நிற்காது. காரத்தைத் தராசில் நிறுக்க முடியாதென்றால் எதில் நிறுப்பது? அமெரிக்காவில் ஒரு மருந்து நிபுணர் அதற்கு வழி கண்டிருந்தார். காரம் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். (மிளகாயைக் கடித்தவன் செம்புத் தண்ணீரைக் குடித்தும் துடிப்பது அதனால்தான், தண்ணீர் காரத்தைக் கழுவுவதில்லை, வாய் முழுக்கப் பரப்பிவிடுகிறது.) ஆகவே மிளகாயை ஸ்பிரிட்டில் ஊறவைத்துச் சாறு எடுத்து, அதில் ஒரு சொட்டைச் சர்க்கரைத் தண்ணீரில் விட வேண்டும். ஐந்து பேர் சுவைக்க வேண்டும். எரிகிறதென்றால் இன்னும் தண்ணீர் சேர்த்து மறுபடி கொடுக்க வேண்டும். எந்த மிளகாய் எவ்வளவு தண்ணீரில் கரைத்த பிறகும் எரிகிறதோ அது அவ்வளவு காரம். ஒரு கடுகளவு காரத்தை ஒரு குளத்தை வைத்து அளக்கிற மாதிரி. அதைப் படித்த நாளில் கோதண்டபாணிக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

மேசையில் ஐந்து மிளகாய்கள் ஐந்து ஜாடிகளில் ஊறியிருந்தன. குண்டூர், ராமநாதபுரம் குண்டு, காந்தாரி, கப்பலில் வந்த மொம்பாசா மிளகாய், அசாம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் உறவுக்காரர் மூட்டையாக அனுப்பிய நாகா மிளகாய். சுருங்கிப்போன அந்த நாகாவைப் பார்த்தால் காய்ந்த அத்திப்பழம் மாதிரி சாதுவாக இருந்தது. எது எதென்று யாருக்கும் தெரியக்கூடாதென்பதற்காக, கிண்ணங்களின் அடியில் முதலாளியே கையால் துண்டுச் சீட்டு ஒட்டி வரிசைப்படுத்தியிருந்தார்.

"மூணாவது கிண்ணம். எல்லாரும் குடிங்க" என்றான் கோதண்டபாணி.

குடித்தார்கள். அவனும் குடித்தான். லாசர் உதட்டைப் பிதுக்கினான். முத்தம்மா, "தித்திப்பா கீதுபா" என்றாள். பீர் முஹம்மது மட்டும், "யா அல்லா! நெருப்பு!" என்று நாக்கை நீட்டிக்கொண்டு விசிறிக்கொண்டான்.

"வெத்தலச் சுண்ணாம்புல வெந்த நாக்கு ஒன்னோடது. சும்மா இரு பாய்!" என்று பொன்னுரங்கம் அதட்டினான்.

நாலாவது கிண்ணம் வந்தது. குடித்து முடித்த உடனே முத்தம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள். பொன்னுரங்கம் இருமினான். கோதண்டபாணிக்குத் தொண்டைக்குள் யாரோ கொள்ளிக்கட்டையைச் செருகிய மாதிரி இருந்தது. லாசர் உதட்டைத் துடைத்துக்கொண்டான். ஆனால் கண்ணில் நீர் முட்டியது.

"லாசர், காரமா?"

"கடக்காத்து சார். கண்ணு கலங்குது."

"பின்கட்டுல ஏதுடா கடல்காத்து!"

ஐந்தாவதைக் குடிக்க யாரும் தயாராக இல்லை. கிண்ணங்களைக் கவிழ்த்துச் சீட்டைப் பார்த்தார்கள். நாலாவது, ராமநாதபுரம் குண்டு. பொன்னுரங்கம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "நான் காலீலயே சொல்லல? அமெரிக்காக்காரன் புக்கு போட்டு இன்னா சொல்றது, எங்க மாமியா ஊட்டு மொளகாடா அது!" மூன்றாவது, நாகா. ஐந்தில் நாலு நாக்கு அதைச் சர்க்கரைத் தண்ணீர் என்று சொல்லியாகிவிட்டது.

கோதண்டபாணிக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமலிருக்கவும் முடியவில்லை. தன் நாக்கே சாட்சி. நாகா சாதுவானதென்றால் தாராளமாகச் சேர்க்கலாம், மூட்டையும் கையில் இருக்கிறது. அடுப்பில் மெழுகை உருக்கி, நாகாச் சாற்றை ஒரு கரண்டி நிறைய எடுத்தான். முதலாளி பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டார்.

"இரு, மொதல்ல தொண்டைய நனைச்சுக்கோ" என்று நன்னாரி சர்பத்தை அவனிடம் நீட்டினார்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு கோதண்டபாணி தம்ளரை வாங்கி அண்ணாந்து மடமடவென்று குடித்தான்.

"சர்க்கர போதுமா?"

அவன் வாயைத் திறந்தான். தம்ளர் காலி. இனிப்பாக இருந்ததா? தெரியவில்லை. முதலாளியோ தன் தம்ளரை உதட்டில் வைத்து உறிஞ்சி, "எனக்குக் கொஞ்சம் தூக்கலா கீது" என்றார்.

கோதண்டபாணி தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கரண்டியிலிருந்த சாற்றை அப்படியே ஜாடியில் திருப்பி ஊற்றினான்.

"இன்னா நாயுடு?"

"நாங்க யாருமே சுவைக்கலை சார். முழுங்கினோம்!"

அமெரிக்காவில் எல்லோரும் உதட்டில் வைத்துத்தான் குடிப்பார்கள். அதனால் அதை யாரும் எழுதி வைக்கவில்லை. இங்கே உதடு பட்டால் எச்சில். லாசர், முத்தம்மா, பொன்னுரங்கம், ரசாயனம் படித்த கோதண்டபாணி, நாலு பேரும் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து நேராகத் தொண்டைக்குள் ஊற்றியிருக்கிறார்கள். நாக்கின் நுனியை அது தொடவே இல்லை. மிளகாய்க் காரம் மெதுவாக ஏறுகிற சமாசாரம். தொண்டையில் அது விழித்துக்கொள்வதற்குள் அடுத்த கிண்ணம் கைக்கு வந்துவிட்டது. நாகா வைத்த நெருப்புக்குப் பாவம் ராமநாதபுரம் குண்டின்மேல் பழி விழுந்திருந்தது. உறிஞ்சிக் குடித்தவன் பீர் முஹம்மது ஒருவன்தான்.

"அப்ப நான் சொன்னது நெஜம்" என்றான் பீர் முஹம்மது, நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு.

"எல்லாரும் இன்னொரு வாட்டி குடிக்கணும். உதட்டுல வெச்சு, நிதானமா" என்றான் கோதண்டபாணி.

முத்தம்மா எழுந்து நின்றுவிட்டாள். "எச்ச பண்ணியா? அந்தக் கிண்ணத்துல நாளிக்கு எவன் குடிப்பானோ! நான் மாட்டேம்பா."

"கழுவிடுவேன்மா."

"நீ கழுவற லட்சணம் எனக்குத் தெரியாதா? என் கூடையப் பாத்துட்டு மூக்க மூடறவன்தானே நீ."

பொன்னுரங்கமும் மாட்டேனென்றான். ஜெயித்தவன் எதற்கு மறுபடி ஆட வேண்டும்? கோதண்டபாணி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அடுப்பில் மெழுகு புகைய ஆரம்பித்தது. முதலாளி மடித்த கைலியை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார்.

சட்டென்று எழுந்து, "கையை நீட்டுங்க" என்றான். "கோயில்ல தீர்த்தம் வாங்கற மாதிரி. உள்ளங்கையில விடறேன், உறிஞ்சுங்க. எச்சிலும் இல்ல, கிண்ணமும் இல்ல."

அதற்கு யாருக்கும் ஆட்சேபம் இல்லை. லாசர்கூட, "அப்பிடிச் சொன்னா ஆச்சு" என்று கையைக் குவித்தான். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் நடுவே நாக்கு ஆறும்வரை அவர்களைப் பேசவிடாமல் உட்கார வைத்தான். அன்றைக்கு அதுதான் மகா கஷ்டமான வேலை. தண்ணீர் சேர்க்கச் சேர்க்க, ராமநாதபுரம் குண்டு முதலில் அடங்கியது. பிறகு குண்டூர். மொம்பாசா கொஞ்சம் தாக்குப்பிடித்தது, காந்தாரி அதைவிட. நாகா மட்டும் அடங்குவதாகத் தெரியவில்லை. குடம் குடமாகச் சர்க்கரைத் தண்ணீர் கரைந்தும் ஐந்து நாக்கும் எரிந்தன. லாசர் மட்டும் ஒப்புக்கொள்ளாமல் இன்னும் கடல்காற்று என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அப்படிச் சொல்லிக்கொண்டே அந்தக் கையால் கண்ணைக் கசக்கினான்.

"ஐயோ மாதாவே! எரியுதே! சார், எரியுதே!"

"எந்த மிளகாய்?" என்று கத்தினான் கோதண்டபாணி.

"கண்ணு போச்சுன்றேன், மொளகா பேரு கேக்கறான் பாரு!"

முத்தம்மா கடைக்குள் ஓடி மோர் கொண்டுவந்து அவன் கண்ணில் ஊற்றினாள்.

கோதண்டபாணி கரண்டியைத் தொடவில்லை. ஊசிமுனை அளவு நாகாச் சாற்றை மட்டும் மெழுகில் விட்டுக் கலக்கி, ஆறவைத்து, முதலாளியின் முழங்காலில் தடவினான். ஐந்து பேரும் சுற்றி நின்று அந்த முழங்காலையே பார்த்தார்கள். லாசர் ஒரு கண்ணால்.

"சூடு வருது" என்றார் முதலாளி.

எல்லாரும் இன்னும் கொஞ்சம் குனிந்தார்கள்.

"இன்னும் வருது... நின்னுடுச்சு." காலை நீட்டினார், மடக்கினார், எழுந்து நடந்தார். தோல் லேசாகச் சிவந்திருந்தது. கொப்புளம் இல்லை. "அடுப்பு எரியட்டும், நாயுடு."

கோதண்டபாணி பெஞ்சில் உட்கார்ந்தான்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் முதலாளி. "அடுத்த மூட்ட வந்தா, அதுவும் இதே காரம்தான் இருக்குமா?"

இருக்காது. மண் மாறினால், மழை மாறினால் காரமும் மாறும். கோதண்டபாணிக்கு அது நன்றாகத் தெரியும்.

"ஒவ்வொரு மூட்டைக்கும் மறுபடி சுவைச்சுத்தான் பாக்கணும் சார்" என்றான், சொல்லச் சொல்லவே குரல் இறங்கி.

"அப்ப இவங்களையே கூப்பிட்டுக்கோ. பழகின நாக்கு."

கோதண்டபாணி பழகின நாக்குகளைத் திரும்பிப் பார்த்தான். பொன்னுரங்கம், உள்ளங்கை வியர்வையில் குண்டு மிளகாயின் காரம் ஓடிப்போயிருக்கும், இந்த ஆட்டம் செல்லாது என்று பீர் முஹம்மதுவிடம் வாதாடிக்கொண்டிருந்தான். லாசர் மோர் வழியும் முகத்தோடு, கண்தான் எரிந்தது, நாக்கு எரியவே இல்லை என்று யாரும் கேட்காமலே சொன்னான்.

முத்தம்மா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"அடுத்த தபா சர்க்கரய இன்னும் கொஞ்சம் போடு நைனா."